வடகிழக்கு மூலைத் தொட்டி

வினாகிரியில் நனைத்த துணியால் மூன்றாவது தடவை அழுத்தித் தேய்த்தபோது, பின்கண்ணாடியின் கீழ் மூலையில் 'ர்' என்று ஓர் எழுத்து வந்தது. பாசிதான் அப்படி ஒரு வடிவத்தில் படிந்திருக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். எழுத்துப் போகவில்லை. அதற்கு இடப்பக்கத்தில் 'ன' வந்தது. பழைய கிரெடிட் கார்டை எடுத்துச் சுரண்டினேன். 'தி' வந்தது. தொட்டியை முதுகில் கிடத்தி, முழங்காலில் நின்று, தலையையும் ஒரு கையையும் உள்ளே விட்டுத்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். ஊறிப்போன மழைத்தண்ணீரின் மணம் மூக்கில் இருந்தது. 'தினர்' என்று வாய்விட்டு வாசித்தேன். கண்ணாடி என் குரலை எனக்கே திருப்பித் தந்தது.

நாலடி நீளத் தொட்டி. செவ்வாய்க்கிழமை நானும் மகள் தர்மிகாவும் கோலியர்ஸ் வுட்டுக்குப் போய், அவளுடைய காரின் பின் இருக்கையை மடித்துப்போட்டு லூயிஷாமுக்கு ஏற்றிவந்தது. விற்றவர் ராம்கி என்று ஓர் இந்தியத் தமிழ்ப் பிள்ளை, கம்பியூட்டர் வேலை. மீன் வளர்க்க ஆசைப்பட்டுக் கொண்டுவந்து வைத்தாராம், மனைவி ஒத்துக்கொள்ளவில்லையாம், ஒரு வருசமாய் பால்கனியில் மழை குடித்துக்கொண்டு கிடந்ததாம். "நல்லா வாஷ் பண்ணிட்டு யூஸ் பண்ணுங்க ஆன்ட்டி" என்றார். அந்த அறிவுரையை நான் மூன்று நாளாக நிறைவேற்றிக்கொண்டிருந்தேன். அடியில் கிடந்த சரளைக்கல்லை அரிக்கன்சட்டியில் போட்டு அரித்தேன். அரிசியிலிருந்து கல்லை எடுத்துப் பழகிய கை, கல்லிலிருந்து செத்த நத்தைகளை எடுத்தது.

தொட்டி வாங்கச் சொன்னது கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் வாஸ்து பார்க்கும் ஒருவர். வீட்டின் வரைபடத்தைப் படம்பிடித்து அனுப்ப, வடகிழக்கு மூலையில் தண்ணீர் இருந்தால் தர்மிகாவின் சம்பந்தம் தடங்கலின்றி முடியும் என்று பதில் வந்தது. எட்டுத் தங்கநிற மீன், ஒரு கறுப்பு மீன். கறுப்பு, கண்ணூறைத் தன்மேல் வாங்கிக்கொள்ளுமாம். எங்கள் வீட்டின் வடகிழக்கு மூலையில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. கீழ்க் கழிவறை அங்கேதான். அந்தத் தண்ணீர் கணக்கில் வராது என்று கனடா சொல்லிவிட்டபடியால், கழிவறைக் கதவுக்கு முன்னால் ஒரு தடுப்புப் போலத் தொட்டியை நிறுத்துவது என்று என் கணவர் முடிவெடுத்தார். பழைய தொட்டிதான் வாங்குவது என்றும் அவரே முடிவெடுத்து, இணையத்தில் ராம்கியின் விளம்பரத்தைக் கண்டுபிடித்தார். படத்தில் தெரிந்தது ஒரு பச்சைப் பெட்டி. மாப்பிள்ளையின் தாய் றூபினிக்கு அவர் போனில் சொன்னது வேறு.

"ஜேர்மனியிலை இருந்து ஒரு தொட்டி வருது தங்கச்சி. ஞாயிறு வரேக்கை பாக்கலாம்."

என் கணவர் சி. யோகலிங்கம், தலைவர். எதற்குத் தலைவர் என்று கேட்பவர்களுக்கு நோர்பரித் தமிழ் முதியோர் பகல் நிலையம் என்று பதில் வரும். கேட்காதவர்களுக்கும் வரும். நெஞ்சில் குத்துகிற பட்ஜ் ஒன்று இருக்கிறது, தேத்தண்ணிக் கோப்பையின் தட்டளவு. வீட்டிலும் அவர் மேடையில் பேசுவது போலத்தான் பேசுவார். குப்பை எடுக்கிற நாளைக் கவுன்சில் மாற்றியபோது, "இந்த வீட்டின் சார்பிலை என்ரை கண்டனத்தைத் தெரிவிக்கிறன்" என்று என்னிடம்தான் தெரிவித்தார். ஒவ்வொரு வியாழனும் காலை பத்து மணிக்கு நீலக் கோட்டுப் போட்டு, பட்ஜைக் குத்தி, கையில் பைலோடு நிலையத்துக்குப் போவார். அன்றும் வியாழன். போய்விட்டிருந்தார்.

'தினர்' என்பதற்கு முன்னால் 'குடும்பத்' வந்தது. அதற்கு முன்னால், மற்ற எழுத்துகளைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக, என் கணவரின் பெயர் வந்தது.

தலையை வெளியே எடுத்து, துணியைப் பிழிந்து, திரும்ப உள்ளே விட்டுப் பார்த்தேன். யோகலிங்கம். உலகத்தில் வேறு யோகலிங்கங்கள் இல்லையா என்று நினைத்தேன். அதற்கும் முன்னால் 'தலைவர் சி.' என்று வந்தது. அதன் பிறகு நான் தேய்த்தது சுத்தம் செய்வதற்காக அல்ல. மேல் வரியில், சின்ன எழுத்தில், பாசி பிடித்த பச்சையில் என் அம்மா வந்தார்.

அமரர் திருமதி அருமைநாயகி செல்லத்துரை ஞாபகார்த்தமாக
அன்பளிப்பு: தலைவர் சி. யோகலிங்கம் குடும்பத்தினர்

புல்லில் குந்தி இருந்துவிட்டேன். வேலிக்கு அப்பால் ரயில் ஒன்று போனது. பிறகு இன்னொன்றும் போனது. கையில் இருந்த துணியிலிருந்து பச்சைத் தண்ணீர் சொட்டி என் சட்டையில் வழிந்ததை நான் கவனிக்கவில்லை.

அம்மா தன் கடைசி ஆறு வருச வியாழக்கிழமைகளை அந்த நிலையத்தில்தான் கழித்தார். கரம்போர்ட் விளையாடத் தெரியாது, ஆனால் யார் கள்ளம் விளையாடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வார். அவர் போய் முப்பத்தோராம் நாள் முடிந்ததும், நிலையத்துக்கு ஒரு மீன் தொட்டி கொடுப்பம் என்று நான்தான் கேட்டேன். பெயர் போடுவது என் கணவருடைய யோசனை. எங்கள் ஆட்கள் எவர்சில்வர் செம்பில்கூடப் பெயர் வெட்டாமல் கொடுக்க மாட்டோம், நாலடிக் கண்ணாடியைச் சும்மா விடுவோமா? ஸ்டிக்கர் ஒட்டுவம் என்றேன். ஸ்டிக்கரை உரித்துவிடுவார்கள் என்றார். வெளிக்கண்ணாடியில் வெட்டுவம் என்றேன். வெளியில் வெட்டினால் யாராவது பொறாமையில் சுரண்டிவிடுவார்கள் என்றார். கடைசியில், பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மனிதர் ஒருவரைக் கூட்டிவந்து, தொட்டிக்குள் தலையை விட வைத்து, பின்கண்ணாடியின் உட்பக்கத்தில் வெட்டுவித்தார். "தண்ணிக்குப் பின்னாலை நிண்டால் ஆர் தொடுவான்?" என்று அன்றைக்குச் சொன்னார். குத்துவிளக்கு ஏற்றி, ரிபன் வெட்டி, மீன்களுக்கு முன்னால் இருபது நிமிடம் பேசினார். அம்மாவைப் பற்றி அதில் இரண்டு நிமிடம் வந்தது.

அந்தத் தொட்டி இப்போது என் வீட்டுப் பின்வளவில் மல்லாக்கக் கிடந்தது.

முதலில் எனக்கு வந்தது கோபம், அதுவும் அவருக்காக. நிலையத்தில் யாரோ திருடி விற்றிருக்கிறார்கள், தலைவருக்குத் தெரியாமல். வியாழனுக்கு வியாழன் போகிற மனிதருக்குத் தொட்டி காணாமல் போனது எப்படித் தெரியாமல் இருக்கும் என்ற கேள்வி அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது. அதைக் கவனிக்காமல் ராம்கிக்குப் போன் போட்டேன்.

"தம்பி, லூயிஷாம் அன்ரி கதைக்கிறன். அந்தத் தொட்டி உங்களுக்கு எங்கை கிடைச்சது?"

"ஏன் ஆன்ட்டி, லீக் ஆகுதா?"

"லீக் இல்லை. எழுத்து இருக்கு."

"ஓ, அதுவா. சொல்லியிருக்கணும், தப்புதான். இறந்தவங்க பேர் இருக்குன்னு சொன்னா எடுக்க மாட்டீங்களோன்னு விட்டுட்டேன்."

"அதில்லைத் தம்பி. ஆரிட்டை வாங்கினனீங்கள்?"

"வாங்கல ஆன்ட்டி. நோர்பரில ஒரு சர்ச் ஹால்ல நம்ம சீனியர் சிட்டிஸன்ஸுக்கு ஒரு சென்டர் இருந்துச்சு. அத மூடுனப்ப எல்லாத்தையும் வாசல்ல வெச்சிட்டாங்க. நாற்காலி, கேரம் போர்டு, பெரிய இட்லிப் பானை. வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்னு எழுதி ஒட்டியிருந்துச்சு."

"மூடினதோ? எப்ப?"

"போன வருஷம் பிப்ரவரி. செம குளிர், அதனால ஞாபகம் இருக்கு."

இது ஏப்ரல். நான் பேசாமல் இருந்ததால் ராம்கி பேசினார். நல்ல பிள்ளைகள் மௌனத்தை நிரப்பித்தான் ஆபத்தை உண்டாக்குவார்கள்.

"ஒரு அங்கிள்தான் காருக்குத் தூக்கிவிட்டாரு. கோட் எல்லாம் போட்டு, நெஞ்சுல பெரிய பேட்ஜ். ஏத்துனதும் ஒரு சின்ன ஸ்பீச் குடுத்தாரு ஆன்ட்டி."

"ஆருக்கு?"

"எனக்குத்தான். ரோட்ல வேற யாரும் இல்லையே. 'இத்தொட்டியைப் பொறுப்பேற்கும் இளைஞருக்கு நிலையத்தின் சார்பில் நன்றி'ன்னாரு. அப்புறம் போட்டோ எடுக்கணும்னாரு. எடுக்க ஆள் இல்ல, நான்தான் செல்ஃபி எடுத்தேன். இருங்க, அனுப்பறேன்."

வந்தது. கம்பளித் தொப்பிக்குள் ராம்கி, அவருக்குப் பக்கத்தில் நீலக் கோட்டில் என் கணவர், நடுவில் அம்மாவின் பெயர். என் கணவர் ரிபன் வெட்டிய அன்று சிரித்த அதே சிரிப்புச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நிலையம் மூடிப் பதினாலு மாதம். இதை லண்டனில் எனக்கு யாரும் சொல்லவில்லை. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஆட்கள் ஒருவருடைய சறுக்கலை அவருடைய வீட்டுக்காரியைத் தவிர மற்ற எல்லாருக்கும் சொல்வார்கள். என்னைத் தூக்கி அடித்தது அதுவல்ல. எழும்பித் தொட்டியைத் துடைக்கலாம் என்று துணியைத் தண்ணீரில் முக்கினேன். விரல் நகத்துக்குள் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உளுந்து மா. காலையில் அரைத்தது.

வடை.

ஒவ்வொரு புதன் பின்னேரமும் உளுந்து ஊறப்போட்டு, வியாழன் விடிய எழும்பி அரைத்து, முப்பது வடை சுட்டு, நீல மூடி போட்ட தகரப்பெட்டியில் அடுக்கி அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் நான் தபாற்கந்தோர் ஷிப்டுக்குப் போவேன், அன்றைப் போல லீவு நாளென்றாலும் வடை தவறாது. அம்மா இருந்த காலத்தில் தொடங்கியது. பெட்டி வெறுமையாகத் திரும்பி வரும். வெறும் பெட்டி மட்டுமா, விமர்சனமும் வரும். உப்புக் கொஞ்சம் குறைவு என்றார்கள். போனமுறை மொறுமொறுப்பு நல்லம் என்றார்கள். உறைப்புக் கூடிப்போச்சு என்று பரமு மாஸ்டர் குறைப்பட்டாராம். பரமு மாஸ்டருக்கு வயிற்றுப்புண் என்று எனக்குத் தெரியும், அதனால் மாசியிலிருந்து பச்சைமிளகாயைப் பாதியாக்கியிருந்தேன். இல்லாத நிலையத்தின் இல்லாத மேசையில் பதினாலு மாதமாக என் வடையை யார் தின்றது? யாருடைய நாக்குக்காக நான் மிளகாயைக் குறைத்தேன்?

நாலு மணிக்கு முன்கதவு திறந்தது. பெட்டி மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. வெறும் பெட்டியின் சத்தம்.

"இஞ்சேர் தவம், இண்டைக்கு வரவு நல்லம். இருபத்தெட்டுப் பேர். பரமு மாஸ்டர் வெங்காயம் இன்னும் கொஞ்சம் போடலாமாம் எண்டவர்."

"போடுவம்" என்றேன். "வாங்கோ, தொட்டி கழுவிப்போட்டன். வந்து பாருங்கோ."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பின்வளவுக்கு வந்தார், திறப்பு விழாவுக்கு வருவது போல. நான் தொட்டியை நிமிர்த்தி வைத்திருந்தேன். வெயில் நேராக விழுந்தது. தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி வெளுத்ததே தவிர, வெட்டின பள்ளத்துக்குள் பிடித்த பச்சை வரவில்லை. தொட்டி சுத்தமாகச் சுத்தமாக எழுத்துத் தெளிவாகிக்கொண்டு போயிற்று. எந்த வினாகிரியாலும் போக்க முடியாத எடுப்பு.

எங்கும் தன் பெயரை முதலில் வாசிக்கிற மனிதர், இங்கும் அதைத்தான் வாசித்தார். முகத்தில் முதலில் ஒரு சந்தோசம் வந்ததை நான் சத்தியமாகப் பார்த்தேன்.

"எழுத்து நல்லா வெட்டியிருக்கிறான்" என்றார்.

பிறகுதான் மற்றது எட்டியது. நான் போனை நீட்டினேன். படத்தைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் குந்தினார். நீலக் கோட்டோடு வாளியில் இருந்தபோது பட்ஜ் மட்டும் நிமிர்ந்து நின்றது.

"வடை எங்கை போனது?"

"தவம், அதை இப்ப ஏன்..."

"வடை எங்கை போனதெண்டு கேக்கிறன்."

"வாத்துக்கு."

எனக்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன்.

"கோலியர்ஸ் வுட்டிலை ஒரு சின்ன ஆறு ஓடுது. குந்தியிருக்க வாங்கு இருக்கு. நோர்பரியிலை தெரிஞ்ச முகங்கள், அங்கை நிக்கேலாது. வியாழன் பகலிலை அந்தப் பக்கம் எங்கடை ஆக்கள் வாறேல்லை. நான் ரெண்டு சாப்பிடுவன். மிச்சம் வாத்துக்குப் போடுவன்." கொஞ்சம் யோசித்து, தன் பக்கத்து நியாயம் ஒன்றையும் சேர்த்தார். "வாத்துக்குப் பாண் துண்டு போடக்கூடாதெண்டு கவுன்சில் போர்ட் வைச்சிருக்கு. வடையைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை."

"பரமு மாஸ்டர்?"

"அவர் காலமாயிட்டார். நிலையம் மூட முந்தி. அந்தக் கிறிஸ்மஸோடை."

"அப்ப உறைப்புக் கூட எண்டு சொன்னது ஆர்?"

தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னார்.

"சில நாள் அவை ஒண்டைக் கொத்திப்போட்டு, மிச்சத்தை விட்டிட்டுப் போவினம்."

நான் சிரித்திருக்கலாம். பிறகு தர்மிகா கேட்டுவிட்டுக் குளியலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள், சிரிப்பு நின்ற பிறகும் கனநேரம் வெளியே வரவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருசமாக ஒரு மனிதருக்குச் சமைத்து, அவர் பொய் சொல்கிறபோது புருவம் எப்படி நிற்கும் என்றுகூடத் தெரிந்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பதினாலு மாதம் புருவம் அசையாமல் வாத்துகளின் அபிப்பிராயத்தை என்னிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

நிலையம் மூடிய கதை பிறகு துண்டு துண்டாக வந்தது. ஆண்டு விழாவில் முன்வரிசையில் யார் இருப்பது என்பதில் நிர்வாகக் குழு இரண்டாக உடைந்தது. இரண்டு பக்கமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஒரே ஒரு விசயத்தில் இரண்டு பக்கமும் ஏகமனதாக நின்றன, அது இவர் தலைவராக இருக்கக்கூடாது என்பது. சண்டை பிடிக்கிறவர்களுக்கு ஹாலைத் தரமுடியாது என்று சர்ச்காரர் கதவைப் பூட்டித் திறப்பை வாங்கிக்கொண்டார்கள். சாமான்களை வாசலில் வைக்க ஆள் வரவில்லை. தலைவர் தனியாகத் தூக்கி வைத்தார்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ புதனெண்டால் உளுந்து ஊறப்போட்டிடுவாய். சொல்ல வருவன், உளுந்து ஊறிக் கிடக்கும். அடுத்த கிழமை சொல்லுவம் எண்டு நினைப்பன். அடுத்த கிழமையும் ஊறிக் கிடக்கும்."

"அம்மான்ரை பேரை றோட்டிலை வைச்சு, ஆரெண்டு தெரியாத பொடியனுக்குத் தூக்கிக் குடுத்தனீங்கள்."

"என்ரை பேரும் அதிலை இருந்ததுதானே" என்றார். உண்மையாகவே மனம் நொந்துபோன குரல்.

அன்று பின்னேரம் றூபினி எங்களுக்குப் போன் எடுத்தாள். மூன்று மாதத்துக்கு முன்தான் லெஸ்டரிலிருந்து நோர்பரிக்கு வீடு மாறி வந்தவர்கள். மகன் சுஜீத்தும் தர்மிகாவும் தாங்களாகவே பிடித்துக்கொண்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை வருவது சம்பிரதாயத்துக்கு. இருந்தாலும் சம்பிரதாயத்தில்தான் எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் முறிவது.

"அக்கா, ஞாயிறு என்ரை மாமாவையும் கூட்டியாறம், இவரின்ரை அப்பா. இஞ்சை வந்த நாள் தொடக்கம் மனுசன் ஜன்னலோடை இருக்கிறார். ஒருத்தரோடையும் கதையில்லை. அண்ணையின்ரை நிலையத்தைப் பற்றிச் சொன்னனான், எப்ப எப்ப எண்டு நிக்கிறார். உண்மையைச் சொல்லட்டே, தலைவர் வீட்டுச் சம்பந்தம் எண்டதிலை எங்களுக்கு அதுதான் பெரிய ஆறுதல். வாற வியாழனே கொண்டுவந்து விடலாமே?"

உண்மையைச் சொல்ல இதுதான் இடம். மூடிப்போட்டினம் தங்கச்சி என்று இரண்டு சொல். பின்கதவுக் கண்ணாடியில் அவர் தெரிந்தார், இன்னும் அதே வாளியில்.

"ஓம், கூட்டியாங்கோ" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்குக் கேட்டது. அன்றைக்கு என்னை உலுக்கியவற்றில் அதுவும் ஒன்று. அவருக்குப் பதினாலு மாதம் எடுத்த பயிற்சி, எனக்கு ஒரு பின்னேரத்தில் வந்துவிட்டது.

தர்மிகா வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையில் நேராகக் கேட்டாள்.

"அப்பா, ஃபோர்டீன் மந்த்ஸ். சீரியஸ்லி? சுஜீத்துக்கு நான் சொல்லட்டா?"

"ஞாயிறு முடியட்டும் பிள்ளை."

"முடிஞ்சா? தேர்ஸ்டே தாத்தாவை எங்க கூட்டிப் போவீங்க? ரிவருக்கா?"

அவர் எழும்பிப் பின்வளவுக்குப் போனார். கத்தியால் வழிக்கும் சத்தம் கேட்டது, பிறகு மண்தாளால் தேய்க்கும் சத்தம். போய்ப் பார்த்தேன். கோட்டுக் கையை மடித்துவிட்டு, தலையை உள்ளே விட்டு, தன் பெயருக்கு மேல் தேய்த்துக்கொண்டிருந்தார். யாரும் அழிக்கக்கூடாது என்று அவரே ஆழமாக வெட்டுவித்தது. அழியவில்லை. சுற்றியிருந்த கண்ணாடிதான் கீறல் விழுந்து மங்கிற்று. மேல் வரியை அவர் தொடவில்லை என்பதையும் கண்டேன்.

"கடல் படம் போட்ட தாள் ஒண்டு வாங்கி உள்பக்கம் ஒட்டினால் மறைஞ்சுபோடும்" என்றார் தலை வெளியே வராமல்.

"அம்மான்ரை பேர் இருக்கிற இடத்திலை இருக்கட்டும். உங்கடை பொய்யை மறைக்க வேறை எங்கையாவது தாள் ஒட்டுங்கோ."

"தவம், ஜேர்மனியிலை இருந்து வந்த தொட்டியிலை தமிழ் எழுத்து..."

"ஜேர்மனியிலையும் தமிழ் ஆக்கள் இருக்கினம்."

சனிக்கிழமை தொட்டியை வடகிழக்கு மூலைக்கு ஏற்றினோம். மூன்று பேருமாகத் தூக்கினோம். கழிவறைக் கதவுக்கு முதுகைக் காட்டியபடி நிறுத்தி, சரளைக்கல்லைப் பரப்பி, தண்ணீர் விட்டு, மருந்து ஊற்றினோம். தண்ணீரை ஒரு கிழமையாவது சும்மா ஓடவிட வேண்டும் என்று மீன்கடைக்காரப் பெட்டை சொன்னாளாம். ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போகாது என்று இவர் அவளுக்கு விளக்கினாராம். எட்டுத் தங்கமீன் வந்தது. கறுப்பில் தங்கமீன் இனம் அன்று இருக்கவில்லை. கறுப்பு எதுவென்றாலும் சரி என்று, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னுகிற ஒன்றைத் தந்துவிட்டாள். சாம்பலும் கறுப்புமாக, மரப்பட்டையில் செய்த மாதிரி ஓர் உருவம். விட்ட உடனே அடியில் போய் ஒளிந்துகொண்டது. விளக்கைப் போட்டபோது தண்ணீருக்குள் எழுத்து இன்னும் ஒரு பங்கு பெருத்துத் தெரிந்தது. தங்கமீன்கள் அம்மாவின் பெயருக்கு முன்னால் ஊர்வலம் போயின. இவர் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் முப்பது வடை சுட்டேன். பச்சைமிளகாயை முழுதாகப் போட்டேன்.

பதினொரு மணிக்கு வந்தார்கள். றூபினி, அவளுடைய கணவர், சுஜீத், இவர்களுக்குப் பின்னால் ஒரு கையில் தடியும் மறுகையில் பிளாஸ்டிக் பையுமாக மாமா. மெலிந்த மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்டு, மேலே கம்பளிக் கோட்டுப் போட்டு, வெளிக்கிட்டு வந்த இடம் நிலையமேதான் என்பது போல இருந்தார். பையில் என்ன என்று தர்மிகா கேட்க, எடுத்துக் காட்டினார். கரம்போர்ட் ஸ்ட்ரைக்கர், தந்த நிறத்தில் ஒன்று, கைக்குட்டையில் சுற்றியது. "அங்கத்தை ஸ்ட்ரைக்கர் எப்பிடியோ தெரியாது பிள்ளை. எனக்குக் கைப்பழக்கம் இதிலைதான்."

தர்மிகா என்னைப் பார்த்தாள். நான் அடுப்படிக்குப் போய் வடைத்தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன், கைக்கு ஒரு வேலை வேண்டுமென்று.

திரும்பி வந்தபோது எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். "இதுவோ அண்ணை ஜேர்மன் தொட்டி?" என்று றூபினி கேட்டாள். என் கணவர் வாயைத் திறந்தார், ஜேர்மனி வரவில்லை. மாமா ஏற்கெனவே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போயிருந்தார். எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் விடாத தலைமுறை. உரத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"அமரர்... திருமதி... அருமைநாயகி... செல்லத்துரை." திரும்பினார். "இது ஆர் பிள்ளை?"

"என்ரை அம்மா."

"ஞாபகார்த்தமாகவோ? நல்லது." திரும்பவும் தொட்டிப் பக்கம் குனிந்தார். "அன்பளிப்பு எண்டும் கீழை கிடக்கு. அப்ப இது நிலையத்துக்குக் குடுத்த தொட்டியெல்லே? இஞ்சை ஏன் நிக்குது?"

மோட்டர் மட்டும் குமிழ் விட்டது. சுஜீத் தர்மிகாவைப் பார்த்தான். றூபினி என் கணவரைப் பார்த்தாள். என் கணவர் கோட்டின் நடுப்பொத்தானைப் போட்டார், கழற்றினார், பிறகு என்னைப் பார்த்தார். நாற்பது வருசத்தில் அவர் பேச்சைத் தொடங்க என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. தட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். மேல் வடையிலிருந்து எண்ணெய் கடதாசியில் ஊறிப் பரவியது.

"ஐயா" என்றார் அவர். மேடைக்குரல் இல்லை. "அந்த நிலையம்..."

மாமா காதுக்குள் இருந்த கருவியைச் சரிசெய்துகொண்டே, முகத்தைத் தொட்டியிலிருந்து எடுக்காமல், "சொல்லுங்கோ தம்பி, கேக்குது" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கறுப்பு மீனை. எப்போது மேலே வந்ததென்று தெரியவில்லை. பின்கண்ணாடியில், இரண்டாவது வரியின் மேல், வாயை வட்டமாக ஒட்டிக்கொண்டு நின்றது. வெட்டின பள்ளத்துக்குள்ளிருந்து பச்சையை உறிஞ்சி, விரலளவு தள்ளி, திரும்ப ஒட்டியது. பெயருக்கு இன்னும் போகவில்லை. அதற்கு முன்னால் இருந்த 'தலைவர்' பாதிக்கு மேல் முடிந்திருந்தது. பச்சை போன பள்ளம் தண்ணீருக்குள் தெரியாமல், அது துடைத்துவிட்ட இடத்தில் வெறும் கண்ணாடி இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் கழிவறைக் கதவும் அதன் பித்தளைக் கைப்பிடியும் பளிச்சென்று தெரிந்தன.